தெரிந்தவருக்குத் தெரிந்தவர்: தற்செயல் அறிமுகங்கள் தரும் வாய்ப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை தேடும் இளைஞர்களின் விண்ணப்பங்களையும் தன்விவரக் குறிப்புகளையும் படித்துத் திருத்திக் கொடுக்கும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்க்காரர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். "எங்களுக்குப் பெரிய இடத்தில் யாரையும் தெரியாது" என்று சொல்லாமல் அவர்களில் ஒருவரும் எழுந்து போனதில்லை. அந்தக் கவலைக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே நான் சொல்லி வந்த பதில்களை, அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

தற்செயல் அறிமுகம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நண்பர் என்று உரிமையோடு சொல்ல முடியாத, அந்நியர் என்று ஒதுக்கவும் முடியாத எல்லோரையும் சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து பேசியவர், தினமும் அதே ரயில் பெட்டியில் ஏறுகிறவர், பத்து வருடங்களுக்கு முன் பாடம் நடத்திய ஆசிரியர், பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர், அக்காவின் வீட்டுக்காரருடைய சிநேகிதர் ஆகியோர் இந்த வரிசையில் வருவார்கள். "முகம் தெரிந்தவர்", "பழக்கமானவர்", "தெரிந்தவர்" என்று இவர்களைக் குறிக்க நம்மிடம் பல சொற்கள் உண்டு. வரன் பார்க்கும்போதும் வாடகைக்கு வீடு தேடும்போதும் "நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்" என்கிறோமே, அந்த நாலு பேர் பெரும்பாலும் இவர்கள்தாம்.

நெருங்கிய நண்பர்கள் செய்யாததை இவர்கள் எப்படிச் செய்வார்கள்?

நெருங்கியவர்களுக்கு நம்மேல் அக்கறை அதிகம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் நம்மைப் போலவே ஒரே தெருவில், ஒரே கல்லூரியில், ஒரே உறவுக்குள் புழங்குகிறவர்கள். அவர்களுக்குள் ஒருவரையொருவர் தெரியும். ஆகவே நமக்கு எட்டாத செய்தி அவர்களுக்கும் எட்டியிருக்காது, நமக்கு எட்டிய செய்தியை அவர்கள் சொல்லி நாம் புதிதாகத் தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. எப்போதாவது பார்க்கும் ஒருவரோ வேறொரு கூட்டத்துக்குள் வாழ்கிறார். அந்தக் கூட்டத்தில் நேற்று மாலை எல்லோரும் பேசிக்கொண்ட சாதாரணச் செய்தி, நம் பக்கத்துக்கு வந்து சேரும்போது புத்தம் புதிய செய்தியாக இருக்கிறது.

இதைச் சமூகவியலில் முதலில் தெளிவாக எழுதியவர் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க அறிஞர். 1973-இல் வெளியான அவருடைய கட்டுரை, நெருக்கமில்லாத உறவுகளுக்கு உள்ள வலிமையைப் பற்றியது. அதன் முந்தைய வடிவத்தை 1969-இல் ஓர் ஆய்விதழ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருந்தது. இன்று சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

இதற்குக் கணக்கு ஏதும் உண்டா, அல்லது அனுபவத்தில் சொல்வதா?

உண்டு. பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களைக் கிரானோவெட்டர் சந்தித்துப் பேசினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தது என்று சொன்னவர்களிடம், தகவல் சொன்ன அந்த மனிதரை அந்தக் காலத்தில் எத்தனை தடவை பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம். அதற்குக் குறைவாக, ஆனால் வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் பார்த்தோம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதைவிடக் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் 54 பேர் மட்டுமே என்பதால், இதை உலகத்துக்கே பொதுவான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவர் கவனித்த இன்னொன்றுதான் எனக்கு எண்களைவிட முக்கியமாகப் படுகிறது. தகவல் சொன்னவர்களில் பலர் பழைய வகுப்புத் தோழர்கள், முன்பு கூட வேலை பார்த்தவர்கள், தொடர்பு ஏறக்குறைய அற்றுப்போன மனிதர்கள். அந்தத் தொடர்பு முதலில் ஏற்பட்டபோதுகூட நெருக்கமாக இருந்ததில்லை. வழியில் எதிர்பாராமல் பார்த்துக்கொண்டதோ, இருவருக்கும் பொதுவான ஒருவர் நடுவில் பேச்சை எடுத்ததோதான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்திருக்கிறது.

அது பழைய காலம். இணையம் வந்த பிறகும் இது உண்மையா?

உண்மைதான், ஒரு திருத்தத்தோடு. வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் 2015 முதல் 2019 வரை, 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு யாரை அறிமுகப்படுத்துவது என்ற பரிந்துரையை மாற்றி மாற்றிக் காட்டி ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. நெருங்கியவர்களைவிடத் தூரத்து அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின. ஆனால் முற்றிலும் ஒட்டுறவில்லாதவர்களின் பயன் குறைந்துபோனது; ஓரளவு பொதுவான நண்பர்களை உடைய, நடுத்தரத் தூரத்தில் இருப்பவர்களே மிகுந்த பயன் தந்தார்கள். ஆகவே முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு நட்பு வேண்டுகோள் அனுப்புவது நேரத்தை வீணாக்குவதாகும்.

நம் ஊரில் இப்படி நடந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?

சீனிவாச இராமானுஜனைச் சொல்வேன். அவரைப் பற்றிப் பேசும்போது மேதையையும் வறுமையையும் கேம்பிரிட்ஜையும் சொல்கிறோம்; கும்பகோணத்துக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அவர் மாறிச் சென்ற கதையை வேகமாகக் கடந்துவிடுகிறோம். நான் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1910-ஆம் ஆண்டின் நிலைமை இது. இராமானுஜனுக்கு 22 வயது. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்திருந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. முந்தைய ஆண்டு கல்யாணமும் ஆகிவிட்டது. வேலை வேண்டும். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைத் தேடிக்கொண்டு போனார். அவர் 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். இராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. தன் தகுதிக்குச் சான்றாகக் காட்டியது கணக்கு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம்.

இராமசாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை. வருவாய்த் துறையின் கடைசிப் படியில் ஒரு வேலையைக் கொடுத்து இந்த மேதைமையை நசுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். அவர் செய்தது, சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதி அனுப்பியதுதான். கேட்டது கிடைக்காத அந்த நாள்தான் இராமானுஜனுடைய வாழ்க்கையின் திருப்பம் என்று நான் நினைக்கிறேன்.

சென்னையில் மாநிலக் கல்லூரியில் இருந்த பி. வி. சேஷு ஐயர், முன்பு கும்பகோணத்தில் இராமானுஜனுக்கு ஆசிரியராக இருந்தவர். பழைய ஆசிரியர் என்ற அறுந்துபோன இழை மறுபடி முடிச்சுப் போடப்பட்டது. அவர் நெல்லூர் கலெக்டரும் கணித ஆர்வலருமான ஆர். இராமச்சந்திர ராவிடம் போகச் சொன்னார். ராவின் உறவுக்கார இளைஞர் ஒருவர், கணிதம் ஒன்றும் அறியாதவர், "ஒருவர் வந்து கணக்கைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார், எனக்குப் புரியவில்லை, அதில் ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்" என்ற பொருளில் அவரிடம் சொல்லி வைத்தார். அந்தச் சந்திப்பை ராவ் பிற்பாடு எழுதியிருக்கிறார். குட்டையான, பருத்த உருவம், மழிக்காத முகம், அவ்வளவு சுத்தமில்லாத தோற்றம், கண்களில் மட்டும் ஓர் ஒளி, அக்குளில் ஓரம் நைந்த ஒரு நோட்டுப் புத்தகம். அந்த நோட்டை இராமானுஜன் திறந்து விளக்கத் தொடங்கியபோது, இது வழக்கத்துக்கு மாறான ஏதோ ஒன்று என்பது ராவுக்கு உடனே தெரிந்தது. ஆனால் சரியா தவறா என்று தீர்மானிக்க அவருடைய கணித அறிவு போதவில்லை. மறுபடி வரச் சொன்னார். எளிய முடிவுகளிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இராமானுஜன் காட்டிய பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சியைத் தொடரும்படியாகச் சாப்பாட்டுக்கு வழி இருந்தால் போதும் என்பது பதில். மாதம் 25 ரூபாய் சில காலம் ராவின் கையிலிருந்து போயிற்று.

பிறர் கைப்பணத்தில் நெடுநாள் இருக்க இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயரும் இந்தியக் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர்தான். திருவல்லிக்கேணியில் நாராயண ஐயர் வீட்டு மாடியில், ஆபீஸ் முடிந்த இரவுகளில் இருவரும் மடியில் சிலேட்டுப் பலகையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். பத்து அடியில் எழுத வேண்டியதை இராமானுஜன் இரண்டே அடியில் தாண்டிவிடுவார். எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், இடையில் உள்ள அடிகளையும் எழுது என்று நாராயண ஐயர் வற்புறுத்துவாராம். அறிமுகம் செய்துவைத்தல் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய பொருளை நான் அறியவில்லை. ஒருவரை இன்னொருவருக்குப் புரியும்படி ஆக்குவதும் அதில் அடக்கம்.

நாராயண ஐயர் வழியாகத் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு விஷயம் போயிற்று. இராமானுஜன் எழுதிய, 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்ட புகழ்பெற்ற கடிதம் கேம்பிரிட்ஜின் கணிதவியலர் ஹார்டிக்குப் போயிற்று. அடுத்த மாதமே, வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணிதவியலர் ஏதோ வேலையாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார்; ஸ்பிரிங் அவரிடம் நோட்டைக் காட்டினார்; வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார்; மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வந்தது. 1914 தொடக்கத்தில் சென்னையில் சொற்பொழிவு நிகழ்த்த வந்த கேம்பிரிட்ஜின் ஈ. எச். நெவில், ஹார்டியின் வேண்டுகோளின்படி இராமானுஜனைச் சந்தித்துப் பேசினார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் இராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

இதில் தற்செயல் எங்கே இருக்கிறது? எல்லாம் திறமைதானே?

திறமை இல்லாமல் இதில் ஒரு கண்ணிகூட நிலைத்திருக்காது. ஆனால் அதே திறமை 1907-லும் இருந்தது, 1909-லும் இருந்தது. அப்போது ஒன்றும் நடக்கவில்லை. வாக்கர் துறைமுகத்துக்கு வந்த நாளையும், நெவில் சென்னைக்கு வந்த ஆண்டையும் இராமானுஜன் தீர்மானிக்கவில்லை. அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று: யாரிடம் போனாலும் அந்த நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனது. தான் யார் என்பதை வாயால் சொல்லத் தெரியாதவர், பார்த்துத் தெரிந்துகொள்ளும்படியான ஒரு பொருளை எப்போதும் வைத்திருந்தார்.

பலிக்காத முயற்சிகளையும் சொல்லிவிட வேண்டும். ஹார்டிக்கு முன்பே கேம்பிரிட்ஜின் பேக்கர், ஹாப்சன் என்ற இரு கணிதப் பேராசிரியர்களுக்கு அவர் எழுதினார், உதவி கிடைக்கவில்லை. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் மூலம் லண்டனின் ஹில் என்ற பேராசிரியரின் கருத்து கேட்கப்பட்டது. சில ஊக்கமான வார்த்தைகளோடு குறைகளைச் சுட்டிக்காட்டிய பதில்தான் வந்தது. ஒரு வழி அடைபடும்போது இன்னொரு வழிக்குச் சொல்லி வைக்க ஆள் இருந்தது என்பதே அவருக்கு வாய்த்த பேறு.

இராமானுஜன் மேதை. சாதாரணமானவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?

என் கதையைச் சொல்கிறேன். கல்லூரி முடித்து ஏழெட்டு மாதங்கள் சும்மா இருந்த சமயம். ஒரு விண்ணப்பத்தை நகல் எடுக்க ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மின்சாரம் போய்விட்டது, வரும் வரையில் எல்லோரும் காத்திருந்தோம். கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீசில் "வாழ்த்துகிறோம்" என்பதில் ழகரத்துக்குப் பதிலாக ளகரம் அச்சாகியிருந்தது. பையில் இருந்த பேனாவை எடுத்து அதைத் திருத்தினேன். அந்தப் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளோடு நின்றிருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, தன் கையில் இருந்த தாளை நீட்டி, "தம்பி, இதையும் கொஞ்சம் பாருங்க" என்றார். அதில் மூன்று பிழைகள் இருந்தன. மின்சாரம் வந்து அவர் கிளம்பும்போது, இந்தப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்க ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்று முகவரி சொன்னார். மறுநாள் போனேன். எழுத்தைத் திருத்தி வயிறு வளர்க்கும் என் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

பிரஸ்காரர் அந்த வேலைக்கு விளம்பரம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். என் நண்பர்கள் ஐந்து பேரும் என்னைப் போலவே வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். அச்சகம் இருந்த அந்தத் தெருப்பக்கம் அவர்களில் யாரும் போனதில்லை.

இது சிபாரிசு பிடிப்பது ஆகாதா?

மனச்சாட்சி உள்ள எல்லோரும் கேட்கும் கேள்வி இது; கேட்கவும் வேண்டும். இரண்டும் வேறு வேறு என்பது என் உறுதியான கருத்து. "இந்த இடத்தில் ஆள் தேவைப்படுகிறது, போய்ப் பார்" என்பது தகவல். "இவரைப் பாருங்கள், நோட்டைப் படியுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்" என்பது அறிமுகம். "இவர் நம்ம பையன், எப்படியாவது போட்டுக் கொடுங்கள்" என்பதுதான் சிபாரிசு. முதல் இரண்டிலும் முடிவெடுப்பவர் தம் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கிறார். மூன்றாவதில் இன்னொருவருக்குச் சேர வேண்டியது பறிபோகிறது.

யார் எதைக் கொடுக்கிறார்கள் என்பதற்கேற்ப உறவின் தன்மையும் மாறுகிறது. சீனாவின் தியான்ஜின் நகரில் 1988-இல் எடுத்த கணக்கெடுப்பை வைத்து யான்ஜியே பியான் என்ற சமூகவியலர் எழுதிய ஆய்வு இதைக் காட்டுகிறது. அங்கே அந்தக் காலத்தில் வேலைகளை அரசு அதிகாரிகளே ஒதுக்கினார்கள். தகவல் தெரிவதால் மட்டும் வேலை கிடைக்காது; அதிகாரியின் தயவு வேண்டும்; அந்தத் தயவை நெருங்கிய, நம்பிக்கையான உறவுகள் வழியாகத்தான் கேட்க முடிந்தது. அதாவது, தூரத்து அறிமுகம் பயன்படும் இடம் தகவல் ஓடும் இடம். தயவு ஓடும் இடத்தில் நெருங்கிய உறவே செல்லுபடியாகும். அரசுப் பணித் தேர்வு போன்று, எழுதும் மதிப்பெண் மட்டுமே தீர்மானிக்க வேண்டிய இடங்களுக்கு யாரிடமும் போகாதீர்கள். பணம் கேட்டு "ஆள் தெரியும்" என்பவர்களிடம் அறவே போகாதீர்கள்.

இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்க்கிறதா?

இல்லை. இராமானுஜனின் கதையையே மறுபடி பாருங்கள். இராமசாமி ஐயர், சேஷு ஐயர், இராமச்சந்திர ராவ், நாராயண ஐயர் எல்லோரும் ஆங்கிலம் படித்து உத்தியோகத்தில் இருந்த பிராமணர்கள். காசு இல்லாத இராமானுஜனும் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால் அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார முடிந்தது. அதே ஆண்டில் அதே கணிதத்தோடு ஒரு தலித் இளைஞர் இருந்திருந்தால் அந்தத் தெருவுக்குள்ளேயே அவரால் நுழைய முடியாதிருந்திருக்கும். இதைச் சொல்வது இராமானுஜனைக் குறைப்பதற்காக இல்லை. எத்தனை நோட்டுகள் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும் என்ற வேதனையால் சொல்கிறேன்.

சாதி வழியான தொடர்பு உள்ளே இருப்பவர்களையும் சில சமயம் கட்டிப்போடுகிறது. மும்பை தாதர் பகுதியில் கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் ஆகிய பொருளியலாளர்கள் செய்த, 2006-இல் வெளியான ஆய்வில் இது தெரிந்தது. உழைக்கும் சாதிகளைச் சேர்ந்த பையன்களுக்குச் சொந்தச் சாதிக்காரர்கள் மூலம் மில்லிலும் பட்டறையிலும் வேலை கிடைக்கும் என்பதால், அவர்களைத் தொடர்ந்து மராத்திப் பள்ளிகளுக்கே அனுப்பினார்கள். அந்தத் தொடர்பு இல்லாத பெண்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்ப் புதிய வேலைகளை எட்டினார்கள். உறுதியான உறவு ஒரே பாதையில் இழுத்துக்கொண்டு போவதற்கு இது நல்ல சான்று.

அமெரிக்காவில் ராஜ் செட்டி என்ற பொருளியலாளரின் குழுவினர் 7 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவும் இதே திசையில் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்கு ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியுள்ள நண்பர்கள் இருக்கும் ஊரில் அவர்கள் வளர்ந்தால், பிற்கால வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்று அவர்கள் கணித்தார்கள். ஆகவே பலதரப்பட்ட பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் அரசுப் பள்ளியும், யாரும் நுழையக் கூடிய நூலகமும், பொது மைதானமும் எனக்கு வெறும் கட்டடங்களாகத் தோன்றுவதில்லை.

பெண்கள் டீக்கடையில் நின்று பேச முடியாதே?

முடிவதில்லை, அது பெரிய இழப்பு. வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து வீட்டுக்கு என்று நேரம் முழுவதும் அளந்து கொடுக்கப்பட்டவருக்குத் தற்செயல் என்பதற்கே இடம் இருக்காது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகம் எங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் பயனைக் கடனாகவும் சேமிப்பாகவும் மட்டும் கணக்கிடுகிறார்கள். வெவ்வேறு தெருப் பெண்கள் தவறாமல் ஒரு கூரையின் கீழ் கூடுவதும், வங்கி மேலாளரிடம் நேரில் பேசுவதும் அதே அளவுக்கு மதிப்புள்ளவை என்பேன். நூலகம், தையல் வகுப்பு, பள்ளி மேலாண்மைக் குழு என்று போவதற்குக் காரணம் சொல்லக் கூடிய இடங்களிலிருந்து தொடங்குங்கள்.

எனக்குக் கூச்ச சுபாவம். புதியவர்களிடம் பேச வராது. என்ன செய்வது?

பேச்சுத் திறமை வேண்டியதில்லை. நான் அந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு வார்த்தையும் முதலில் பேசவில்லை. உங்களுக்குத் தெரிந்த வேலையைப் பிறர் கண்ணில் படும் இடத்தில் செய்யுங்கள்.

ஒருவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்களா?

"ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அந்த வாக்கியம் கேட்பவருடைய மனத்தில் தங்காது. "பார்க்கலாம்" என்ற பதிலோடு முடிந்துபோகும். என்ன தெரியும், எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்பதை ஒரே மூச்சில் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள்: "டாலி போட்டு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யத் தெரியும், ஈரோடு பக்கம் ஜவுளிக்கடைகளில் கணக்குப் பார்ப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" இப்படிக் கேட்டால் அவர் மனத்தில் உடனே இரண்டு முகங்கள் வரும். வேலையைக் கேட்காமல் ஆளைக் கேட்பதால் இல்லை என்று சொல்ல வேண்டிய சங்கடமும் அவருக்கு இல்லை. ஒரு தடவைக்கு மேல் நினைவூட்ட வேண்டாம்.

வெகுநாளாகத் தொடர்பு விட்டுப்போனவரிடம் கேட்கத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். காரியத்துக்கு மட்டும் வருகிறான் என்று நினைப்பாரோ என்ற தயக்கம் இயல்பானது. எதற்காக அழைத்தீர்கள் என்பதை முதலிலேயே நேராகச் சொல்லிவிட்டால் அந்தக் கசப்பு வருவதில்லை. அரை மணி நேரம் குடும்ப நலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் காரியத்தைச் சொல்வதுதான் மனத்தைப் புண்படுத்துகிறது.

என்னிடம் யாராவது இப்படி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

அவர் கேட்டதைக் கொடுக்க உங்களால் முடியாமல் இருக்கலாம். இராமசாமி ஐயரும் கொடுக்கவில்லை. வந்தவர் கையில் கொண்டுவந்ததை ஐந்து நிமிடம் உண்மையாகப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால், அந்த உறவுக்கார இளைஞர் செய்ததைப் போல, புரியக் கூடியவரிடம் அப்படியே சொல்லி வையுங்கள். நல்லவர், வல்லவர் என்று மிகைப்படுத்த வேண்டாம்; "நான் பார்த்தேன், நீங்களும் பாருங்கள்" என்ற அளவில் போதும். கலெக்டரும் துறைமுகத் தலைவரும் அந்தக் கதையில் எவ்வளவு முக்கியமோ, கணக்கு ஒன்றும் அறியாத அந்த இளைஞரும் அவ்வளவு முக்கியம்.

உதவியவருக்கு எப்படி நன்றி சொல்வது?

என்ன ஆயிற்று என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் சொல்லுங்கள். வழி காட்டியவருக்கு அந்த வழி எங்கே போய் முடிந்தது என்பது பெரும்பாலும் தெரியாமலே போய்விடுகிறது.

எனக்கு முகவரி சொன்ன பெரியவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் மாதச் சம்பளம் வாங்கிய கையோடு அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய் அடையாளம் சொல்லி விசாரித்தேன். கடைக்காரருக்கு நினைவு இல்லை. அச்சகத்தில் அந்த மாதம் அடித்த கல்யாணப் பத்திரிகைகளின் மாதிரிகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான் திருத்திய மூன்று இடங்களும் சரியாக அச்சாகியிருந்த பத்திரிகை கிடைத்தது. கீழே நல்வரவை நாடுபவர்களாக ஒன்பது பெயர்கள் இருந்தன. அவற்றில் எது அவருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.